கேண்டீன் அடுப்பு எரியாத நாள்

ஓய்வு பெற்றவர்கள் சங்கத்தின் மாதக் கூட்டத்துக்கு நான் போனால், புதிதாக வந்திருக்கும் யாராவது ஒருவர், "அச்சனுக்கு வேண்டி வந்ததாணோ, மோனே?" என்று கேட்பார். "அப்பாவுக்கு இல்லை சார், எனக்குத்தான்" என்பேன். அவர் என் தலைமுடியை ஒரு தடவை பார்ப்பார். அதன் பிறகு பேச்சு முட்டுவலிக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போய்விடும். எனக்கு அந்த இரண்டும் இல்லாததால் டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவேன். ஆலையை மூடி, விருப்ப ஓய்வு என்று பெயர் வைத்து எங்களை வீட்டுக்கு அனுப்பியபோது எனக்கு முப்பத்து மூன்று வயது.

போன வாரம் செல்வின் வந்தான். பாறசாலைக்காரன். ஆரியசாலையில் எங்கள் வீட்டுக்கு மேலே வாடகை அறையில் இருக்கிறான். ஒரு பெயிண்ட் கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அவன் கம்பெனியைப் பார்க்க வெளிநாட்டு மாணவர்கள் வருகிறார்களாம். இங்கிலீஷ் பேசுவான் என்று இவனைச் சுற்றிக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

"அண்ணாச்சி, நீங்க பண்டு இதே மாதிரி டென்மார்க்குப் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போனீங்களாமே. என்ன சொல்லணும், என்ன சொல்லக் கூடாது?"

தெரிந்ததைச் சொன்னேன். வாசல் வரைக்கும் போனவன் திரும்பி நின்றான்.

"உங்களையே அங்க படிக்க விளிச்சாங்களாம். அப்பா விடலையாம். நெசமா அண்ணாச்சி?"

"யாரு சொன்னா?"

"உங்க அப்பாதான். 'நான் பாவிடே, அவனைத் தடுத்துப்போட்டேன்'னு சொன்னாரு. சொல்லும்போது கண்ணு நெறஞ்சு போச்சு அவருக்கு."

நேரமாகிவிட்டது என்று அவனை அனுப்பிவைத்தேன். வேலை அனுபவம் எழுதித் தாருங்கள் என்று இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் பல நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். செல்வினுக்குச் சொல்லாத பதிலையே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல நிறைய இல்லை. சாலைக் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடம், பிறகு பாலிடெக்னிக்கில் கெமிக்கல் டிப்ளமோ. அப்பா ஆரியசாலை மொத்தக் கடைகளில் சுமை தூக்குகிறவர். அரிசி, வற்றல் மிளகாய், சீனி, எது வந்தாலும் அவர் தலையில்தான் ஏறும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டவன் நான். டிப்ளமோ சான்றிதழைக் கொடுத்தபோது, முத்திரை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து நேராகப் பிடித்துக்கொண்டார். அந்த வருடமே ஆலையில் வேலை கிடைத்தது.

ஆலை நகரத்துக்கு வெளியே, கடலுக்கும் ரயில்பாதைக்கும் இடையில் இருந்தது. மேற்கே மதிலைத் தாண்டினால் மணல், பிறகு கடல். கிழக்கே பெரிய கேட். கந்தக அமிலம் செய்வோம், அதைக் கொண்டு குடிநீரைத் தெளியவைக்கும் படிகாரம் செய்வோம். மஞ்சள் கந்தகத்தை உருக்கி உலையில் எரித்தால் ஒரு வாயு வரும். தீக்குச்சியைக் கிழித்து மூக்குக்கு அடியில் பிடித்துப் பார்த்தவர்களுக்கு அந்த நெடி தெரியும். அந்த வாயு, கன்வெர்ட்டர் என்று நாங்கள் சொல்லும் கறுப்பு இரும்புக் கோபுரத்துக்குள் போகும். உள்ளே தட்டுத் தட்டாக மருந்து அடுக்கியிருக்கும். தட்டுகள் நல்ல சூட்டில் இருந்தால் வாயு முழுக்க மாறி, கடைசியில் அமிலமாகிவிடும். புகைபோக்கியில் ஒன்றும் வராது. சூடு குறைந்தால் மாறாது. போனபடியே வெளியே வந்து, ஊர்க்காரர்கள் தொண்டையைப் பிடிக்கும். அதனால் கன்வெர்ட்டரை ஆற விடக் கூடாது. எங்கள் வேலை முழுக்க அந்த ஒரு வரிதான்.

நான் கண்ட்ரோல் ரூம் ஆபரேட்டர். ஷிப்டுக்கு ஒரே ஆள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ப்ளோயர் இரையும், இந்தப் பக்கம் அளவுமானிகளின் முள்கள் அசையும். தொழிலாளிகள் என்னை ஆபீஸ்காரன் என்று நினைத்தார்கள். ஆபீஸில் இருந்தவர்கள் சுமட்டுக்காரன் மகன் என்று நினைத்தார்கள். இரண்டு தரப்பும் ஒன்றுபோல "அண்ணாச்சி" என்று கூப்பிட்டார்கள். இந்த மலையாள ஊரில் தமிழன் என்றால் கடைக்காரன், கடைக்காரன் என்றால் அண்ணாச்சி. இருபத்தொரு வயதில் ஐம்பது வயதுக்காரர்களுக்கு அண்ணாச்சியாக இருந்தேன். அவர்களுக்குக் கோபம் வந்தால் மட்டும், தமிழனை இளக்காரமாகச் சொல்லும் "பாண்டி" ஆகிவிடுவேன்.

அங்கே என்னிடம் முள்களைப் பற்றியல்லாமல் வேறு எதையாவது பேசியவர் ஒருவர் உண்டென்றால் அது சுகுமாரன் சார். உற்பத்திப் பிரிவின் சூப்பிரண்டு. வெள்ளை அரைக்கைச் சட்டை, காலில் கனத்த பூட்ஸ். எந்தக் குழாயைத் தொட்டாலும் முதலில் புறங்கையால் தொடுவார், சுடவில்லை என்று தெரிந்த பிறகுதான் உள்ளங்கையை வைப்பார். மனிதர்களிடமும் அப்படித்தான். கேள்வி கேட்டால் உடனே பதில் வராது. ஜன்னல் வழியாகப் புகைபோக்கியை ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார், அப்புறம்தான் வாய் திறப்பார். என்னோடு பேச அவரே ஒரு தமிழ் செய்து வைத்திருந்தார்.

"எடோ, ரெண்டு காரியம் மனசுல வை. நின்னு போன கன்வெர்ட்டரை ஆயில் எரிச்சு சூடாக்காம சல்ஃபர் விடாதே. அரைநாள் ஆனாலும் சரி. பின்ன, கேஸ் காத்து குடிச்ச ஆளை அன்னைக்கு வீட்டுக்கு அனுப்பாதே. சிரிச்சுட்டு இருப்பான். மணிக்கணக்கு கழிஞ்சு நெஞ்சுல நீர் கோத்துக்கும். ஆஸ்பத்திரியில ஒரு ராத்திரி கிடக்கட்டும், கேட்டோ."

இன்னொன்று யாரும் சொல்லித் தந்ததில்லை, எல்லோரையும் பார்த்துக் கற்றுக்கொண்டது. வாயு கசிந்தால் காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நடக்க வேண்டும். அதற்காக ஒரு கம்பத்தின் உச்சியில் துணிக்குழல் கட்டியிருப்பார்கள். எங்கள் குழல் உப்புக்காற்றில் கிழிந்து நார் நாராகத் தொங்கியது. யாரும் அதை நிமிர்ந்து பார்த்ததே இல்லை. எல்லோரும் பார்த்தது கேண்டீன் புகையை. கேண்டீன் நடத்திய சரசம்மா சேச்சி விறகடுப்பில்தான் சமைப்பார். விடியற்காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அந்தத் தகரக்குழாயில் புகை வரும். ஆலையின் எந்த மூலையில் நின்றாலும் தெரியும். புகை கிழக்கே சாய்ந்தால் நாங்கள் மேற்கே நடப்போம். பேச்சே இருக்காது. பாதி டீயைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் ஜெனரல் மேனேஜர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நகரத்தின் ஒரு பொறியியல் கல்லூரிக்குப் பரிமாற்றத் திட்டத்தில் டென்மார்க்கிலிருந்து மாணவர்கள் வந்திருக்கிறார்கள், நம் ஆலையைப் பார்க்க வருகிறார்கள், நீதான் சுற்றிக் காட்ட வேண்டும் என்றார். அன்று ராத்திரி அவர்களோடு தங்கி, மறுநாள் அவர்கள் பொன்முடி மலைக்குப் போகிற வேனிலும் நான் கூடப் போக வேண்டும். அப்புறம் குரலைத் தாழ்த்தி முக்கியமானதைச் சொன்னார். திட்டத்தின் மறுபாதியாக இங்கிருந்து ஒரு இளம் ஊழியரை அவர்கள் ஒரு வருடம் அங்கே படிக்க வைப்பார்கள். செலவு அவர்களுடையது. பெயரை ஜி.எம். அனுப்ப வேண்டும்.

"நல்லபடியா நடந்தா உன் பேருதான். வேற யாரு இருக்கா?"

அன்றைக்கு ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். மறுநாள் காலையில் ஆரியசாலைக்கு முழுக்கத் தெரிந்திருந்தது. நான் ஒன்பதாம் வகுப்பில் வாங்கிய உலக வரைபடத்தை அப்பா எடுத்துக்கொண்டு போய், டென்மார்க் எங்கே இருக்கிறது என்று மிளகுக்கடை முதலாளியிடம் காட்டச் சொல்லியிருக்கிறார். அவர் நார்வேயைக் காட்டிவிட்டார். மாணவர்கள் வருகிற அன்று அப்பா பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் சுமை தூக்கப் போனார். அம்மா என் பையில் பொன்முடிக் குளிருக்கென்று இரண்டு சட்டையும் ஒரு துண்டும் வைத்தாள்.

நான் இங்கிலீஷ் வாக்கியங்களைக் கண்ட்ரோல் ரூமில் முள்களிடம் சொல்லிப் பழகினேன்.

ஆலையிலும் தடபுடல். குழாய்களுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தார்கள். கேட்டுக்குப் பக்கத்தில், ஆபத்து நேரத்தில் கூட வேண்டிய இடம் என்று இங்கிலீஷில் ஒரு பெரிய பலகை வைத்தார்கள். கிழிந்த துணிக்குழலை இறக்கிவிட்டுப் புதிதாக ஒன்று தைத்தார்கள். இனிக் கிழியக் கூடாது என்று ஜி.எம். சொன்னதால் கனமான கித்தான் துணியில் தைத்து, ஆரஞ்சும் வெள்ளையும் பட்டை போட்டு ஏற்றினார்கள். பார்க்க நன்றாக இருந்தது. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு நம் காரம் ஒத்துக்கொள்ளாது என்று சாப்பாட்டை நகரத்து ஹோட்டலில் சொல்லிவிட்டார்கள். ஊழியர்களுக்கும் அன்று அங்கிருந்தே பொட்டலம். சரசம்மா சேச்சிக்கு விடுமுறை கொடுத்தார்கள். சேச்சி வீட்டுக்குப் போகவில்லை. வேட்டியும் சட்டையுமாக மடிப்புக் கலையாமல் திரிந்த எல்லோரையும் பார்த்தபடி கேண்டீன் படியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடைசியாக, துளி நெடியும் இருக்கக் கூடாது என்று கந்தக உலையை நிறுத்தச் சொன்னார் ஜி.எம். சுகுமாரன் சார் ஜன்னலைப் பார்த்தார்.

"நிறுத்தலாம் சார். பட்சே இன்னைக்கு இனி ஓட்ட முடியாது. கன்வெர்ட்டர் ஆறிடும்."

"ஓட்ட வேண்டாம். அவங்க போன பிறகு ஓட்டிக்கோ."

அவர்கள் வந்தார்கள். எல்லோரும் உயரம், எல்லோருக்கும் வெயிலில் மூக்கு சிவந்திருந்தது. கூட வந்த பேராசிரியை குட்டையாக வெட்டிய நரைமுடியும் செருப்புமாக இருந்தார். நான் சொன்ன ஒவ்வொன்றையும் இரண்டாவது தடவை கேட்டார், என் இங்கிலீஷ் புரியாததால் அல்ல, இன்னும் கொஞ்சம் தெரிந்துகொள்ள. நெட்டையாக ஒரு பையன் எப்போதும் கடைசியில் வந்தான். யோனாஸ் என்று பெயர். மற்றவர்கள் ஜோடி ஜோடியாகச் சிரித்துக்கொண்டு போக, அவன் வால்வுகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வருவான். கண்ட்ரோல் ரூமில் எல்லோரும் முள்களைப் பார்க்க, அவன் மட்டும் என் ஒற்றை நாற்காலியைப் பார்த்தான்.

"எட்டு மணி நேரம் இங்கே யாரோடு பேசுவாய்?"

பழகி வைத்திருந்த வாக்கியங்களில் அதற்குப் பதில் இல்லை. முள்களைக் காட்டினேன். அவன் சிரித்துவிட்டு, "இவை பதில் சொல்லுமா?" என்றான். "உண்மையை மட்டும் சொல்லும்" என்றேன். பழகி வைக்காத ஒரு வாக்கியத்தை அதுவரை நான் இங்கிலீஷில் யாரிடமும் சொன்னதில்லை என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

பேராசிரியை ஜி.எம்.மிடம், எல்லாம் அழகாக இருக்கிறது, ஆனால் ஓடுகிற ஆலையைப் பார்க்கத்தான் மாணவர்கள் வந்தார்கள் என்று சொல்லியிருக்கிறார். ஜி.எம். தன் அறைக்குப் போய், சுகுமாரன் சாரிடம் கேட்காமல் உலைத் தளத்துக்கு நேரடியாகப் போன் செய்துவிட்டார். அது எங்களுக்குத் தெரியாது. அன்றைய ஷிப்டில் பேனல் பார்த்த விஜயன்தான் முதலில் கவனித்தான்.

"சாரே, சல்ஃபர் பம்ப் ஓடுது. யாரு சொன்னது?"

கன்வெர்ட்டர் முள் கீழே கிடந்தது. சுகுமாரன் சார் போனை எடுத்து, "நிறுத்தெடா" என்றார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்கு ஒரு தடவைதான். பம்ப் நின்றது. ஆனால் அதற்குள் எரிந்தது எரிந்துவிட்டது. ஆறின வாயு கனம், மேலே ஏறாது. புகைபோக்கியின் வாயில் வெள்ளையாகத் தயங்கி, வெளிச்சுவரோடு வழிந்து இறங்கியது. கதவிடுக்கில் நெடி வந்தது. யோனாஸ் இருமினான்.

அப்போது நடந்தது எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. விஜயன், சுகுமாரன் சார், நான், வெளியே ஏணியில் நின்றிருந்த ஃபிட்டர், கீழே முற்றத்தில் ஜி.எம்.மே கூட, எல்லோருடைய தலையும் ஒரே பக்கம் திரும்பியது. கேண்டீன் குழாயில் புகை இல்லை. கம்பத்தின் உச்சியில் புதுக் கித்தான் குழல் இரும்புபோல நேராகத் தொங்கியது. உச்சிப்பொழுதுக்கு முந்தின நேரம் அது. எங்கள் கரையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போவதை விட்டு, கடலிலிருந்து நிலத்துக்குத் திரும்புகிற நேரம். திரும்பிவிட்டதா, இல்லையா? தெரியவில்லை. மாணவர்களில் ஒருத்தி காலையில் கொடுத்த வரைபடத்தைப் பிரித்து, கேட் பக்கத்துப் பலகையைக் காட்டி, "அங்கேதானே போக வேண்டும்?" என்றாள்.

சுகுமாரன் சார் கதவை அடைத்து, கைக்குட்டைகளை நனைத்து மூக்கில் பிடிக்கச் சொன்னார். என்னைப் பார்த்து ஒரே சொல் சொன்னார்.

"அடுப்பு."

ஓடினேன். கண் எரிந்தது. சரசம்மா சேச்சி அதே படியில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"சேச்சி, அடுப்பைப் பத்த வைங்க!"

"எதுக்கு மோனே? டென்மார்க்குக்காரனுக்கு என் சாம்பார் ஆகாதுன்னு சொல்லிட்டாங்கல்ல? ஹோட்டல்காரனைப் பத்த வைக்கச் சொல்லு."

"சேச்சி, காத்து தெரியல!"

நெடி அப்போதுதான் அங்கே எட்டியது. சேச்சி எழுந்தார். நான் தென்னம்பாளையையும் காய்ந்த ஓலையையும் திணித்தேன். அவர் மண்ணெண்ணெயை வீசிக் கொளுத்தி, மேலே ஈரத் தேங்காய் மட்டைகளை வாரிப் போட்டார். அடுப்பு மூச்சுத் திணறுவதுபோலச் சத்தமிட்டது. இரண்டு பேரும் வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தோம். தகரக்குழாயிலிருந்து கெட்டியான புகை நேரே எழுந்தது. நின்றது. எந்தப் பக்கம் போவது என்று அதற்கே தெரியாததுபோல ஒரு நிமிஷம் நின்றது. பிறகு மெல்லக் கிழக்கே, கேட் பக்கம், அந்தப் புதுப் பலகைக்கு மேலே சாய்ந்தது.

அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உலைத் தளத்திலிருந்து, படிகாரக் கொட்டகையிலிருந்து, ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஆட்கள் இறங்கி மேற்கே நடந்தார்கள். சுகுமாரன் சார் கதவைத் திறந்து மாணவர்களை அவர்கள் பின்னால் அனுப்பினார். யோனாஸைத் தோளில் கை போட்டு அவரே நடத்தி வந்தார். கந்தக முற்றத்துக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கதவு வழியாக எல்லோரும் கடல் மணலுக்குப் போனோம். வெள்ளை மேகம் பலகை நின்ற இடத்தை மூடி, ரயில்பாதையைத் தாண்டிக் கரைந்தது.

யோனாஸுக்கு ஆஸ்துமா உண்டாம். மணலில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து இழுத்து இழுத்து மூச்சு வாங்கினான். வேனிலிருந்து அவன் மருந்தை எடுத்து வந்து கொடுத்தோம். கொஞ்ச நேரத்தில் முகத்தில் ரத்தம் வந்தது. என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

ஹாலில் ஹோட்டல் சாப்பாடு விரித்திருந்தது. ஜி.எம். எழுந்து நல்ல இங்கிலீஷில் பேசினார். நீங்கள் பார்த்தது எங்கள் அவசரகால ஒத்திகை, உங்களுக்காகவே ஏற்பாடு செய்தோம், வெளிவந்தது தீங்கில்லாத புகை. நாளைக்குப் போக வேண்டாம், இன்றைக்கே கிளம்பினால் பொன்முடியில் சூரியன் மறைவதைப் பார்க்கலாம். வழியில் கல்லாற்றில் கால் நனைக்கலாம். மாணவர்கள் கைதட்டினார்கள். யோனாஸும் தட்டினான். தட்டிவிட்டு இரண்டு தடவை இருமினான்.

பேராசிரியை கைதட்டவில்லை. எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தவர், தட்டை நகர்த்திவிட்டுக் கேட்டார்.

"அது ஒத்திகையா?"

ஜி.எம். என்னைப் பார்த்துச் சிரித்தபடி இருந்தார். நான் சுகுமாரன் சாரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியாகப் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக அந்தப் பார்வைக்குப் பிறகு ஒரு பதில் வரும். அன்றைக்கு வரவில்லை. கேள்வி என்னிடம் கேட்கப்பட்டது.

அந்த நேரத்தில் நான் நினைத்ததை அப்படியே எழுதுகிறேன். பழவங்காடியில் சிதறின தேங்காய். நார்வேயில் விரல் வைத்த மிளகுக்கடை முதலாளி. வேனில் அம்மா கட்டித் தந்த பை. அப்புறம் பொன்முடிச் சாலை. கல்லாற்றுக்கு மேலே வளைவு வளைவாக ஏறும், ஆஸ்பத்திரி கிடையாது, போன் கிடையாது. காத்து குடித்தவன் சிரித்துக்கொண்டுதான் இருப்பான்.

"இல்லை, மேடம். ஒத்திகை இல்லை. அது நிஜ வாயு. யோனாஸ் இன்று இரவு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்."

பேராசிரியை எழுந்து யோனாஸின் தோளைத் தொட்டார். சுகுமாரன் சார், "ஜீப் நான் எடுக்கிறேன்" என்று கிளம்பினார். ஜி.எம். சிரிப்பை முகத்திலிருந்து எடுக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஜீப் போன பிறகு வேன் டிரைவர் என் பையைக் கொண்டு வந்து நீட்டினார். "அண்ணாச்சி, ஒண்ணும் நினைக்காதீங்க. உங்க ஸீட்டு வேற ஆளுக்காம்." மத்தியானம் பையோடு நகரத்துக்குப் பஸ் ஏறினேன். வீட்டில் அம்மா சட்டை இரண்டையும் மடிப்புக் கலையாமல் எடுத்துத் திரும்பப் பெட்டியில் வைத்தாள்.

யோனாஸை மெடிக்கல் காலேஜில் ஒரு ராத்திரி வைத்திருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. காலையில் சிரித்துக்கொண்டே வெளியே வந்தானாம், எல்லோரும் பொன்முடிக்குப் போனார்களாம், கல்லாற்றில் கால் நனைத்தார்களாம். நான் அப்போது ஷிப்டில் இருந்தேன்.

ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் எனக்கு வினையாகிப் போனது. அவனுக்கு மூச்சு முட்டியிருந்தால் என் பக்கம் நியாயம் இருந்திருக்கும் என்று நினைக்கவே அசிங்கமாக இருக்கிறது, ஆனாலும் நினைத்திருக்கிறேன். விஜயன் நேரடியாகவே கேட்டான்.

"என்ன கிட்டிச்சு அண்ணாச்சி? அவன் பாறை மாதிரி இறங்கிப் போனான். நம்ம கம்பெனி பேரும் போச்சு, உன் டென்மார்க்கும் போச்சு. ஒரு 'யெஸ்' சொல்ல வாய் நோகுமா, பாண்டி?"

டென்மார்க்குக்கு யாருடைய பெயரையும் ஜி.எம். அனுப்பவில்லை. பேராசிரியை போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கியிருப்பாரோ என்னவோ, நான் அங்கே இல்லை. ஜி.எம். அதன் பிறகு என்னோடு பேசவில்லை. கத்தவும் இல்லை, மெமோவும் தரவில்லை. கண்ட்ரோல் ரூமுக்கு வந்தால் என் தலைக்கு மேலே இருக்கும் முள்களைப் பார்த்துவிட்டுப் போவார். அவர் பேசாததால் மற்றவர்களும் குறைத்துக்கொண்டார்கள். ஷிப்டு மாறும்போது சூடு எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, அவ்வளவுதான். ஆலை மூடும் வரைக்கும் அப்படித்தான். எட்டு மணி நேரம் யாரோடு பேசுவாய் என்று யோனாஸ் கேட்டது தினமும் ஞாபகம் வரும்.

சுகுமாரன் சார் அந்த நாளைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. சில வாரம் கழித்து ஒரு நாள் கையில் ஒரு பொதியோடு வந்தார். பிரித்தால் துணிக்குழல். அவருடைய பழைய வேட்டியில் தைத்தது. நைந்து மெலிந்து, உள்ளே கை வைத்தால் விரல் தெரிந்தது.

"வா, பிடி" என்றார். இரண்டு பேருமாக ஏணியில் ஏறிக் கித்தானை இறக்கிவிட்டு அதைக் கட்டினோம். கட்டி முடிக்கும் முன்பே அது நிமிர்ந்து, கடல் இருக்கும் பக்கத்துக்கு எதிராக நீண்டது. அவர் புறங்கையால் அதைத் தொட்டார். அப்புறம் உள்ளங்கையால் என் முதுகை ஒரு தடவை தொட்டுவிட்டு இறங்கிப் போனார். ஓய்வுக்குப் பிறகு மகளோடு பம்பாய் போனவர், போன வருடம் இறந்துவிட்டார்.

இனி அப்பா. நடந்ததை அன்றைக்கே அவரிடம் சொன்னேன். கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு நாள் கழித்து அவருக்குச் சோறு கொண்டு போயிருந்தேன். மிளகுக்கடை முதலாளி கல்லாவிலிருந்தே கூப்பிட்டார்.

"என்ன சுடலைமுத்து, உன் மவன் எப்ப பிளேன் ஏறுதான்? தேங்கா எல்லாம் ஒடச்சியே!"

அப்பா தலையில் சீனி மூட்டை. நின்றபடியே சொன்னார்.

"நாந்தான் வேண்டாம்னுட்டேன் மொதலாளி. அவன் ஒத்தக்கால்ல நின்னான். ஒத்தைக்கு ஒரு பிள்ளை, பாத்துக்கிடுங்க. அங்க ஒரே குளிரு. மனசு வரல."

"கெட்டிக்காரன்தான் போ! வந்த சீதேவியை வேண்டாம்னு தள்ளுனவன் நீ ஒருத்தன்தான்டே!"

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் மூட்டை ஆடாமல் சிரித்தார். ஹாலில் ஒரு பொய் சொல்ல முடியாத நான், அங்கே சோற்றுத் தூக்கோடு சும்மா நின்றேன். அதன் பிறகு யார் கேட்டாலும் அவர் அதையேதான் சொன்னார். முட்டாள் என்றார்கள், பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்தவன் என்றார்கள். வாங்கிக்கொண்டார்.

அம்மா போய்விட்டாள். வீட்டில் இப்போது நாங்கள் இரண்டு பேர். அப்பாவுக்கு வயதாகி ஞாபகம் குழம்புகிறது. சாப்பிட்டதை மறக்கிறார், வீட்டு வாசலை மறக்கிறார். அந்தப் பொய்யை மட்டும் மறக்கவில்லை. பல வருடம் சொல்லிச் சொல்லி அது அவருக்கு நடந்ததாகவே ஆகிவிட்டது. ஹாலில் நடந்ததை நான் சொன்னதுதான் மறந்து போயிற்று. ஆலை மூடி நான் வீட்டில் உட்கார்ந்ததிலிருந்து அவருக்கு அது பெரிதாக உறுத்துகிறது. செல்வின் வந்துவிட்டுப் போன அன்று, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தவர் கையை எடுத்தார்.

"அன்னைக்கு உன்னை விட்டிருக்கணும்டே. நான் மறிச்சுப்போட்டேன். மனசுல வச்சுக்கிடாத."

அன்றைக்கு அந்த ஹாலில் என்ன நடந்தது என்று தெரிந்து, எனக்காக அதைச் சுமந்த ஒரே ஆள் அவர். அவரிடம் இப்போது அதைத் திரும்ப எடுத்துச் சொல்லலாம். சொன்னால், யார் யாரிடமெல்லாம் பேச்சு வாங்கினார் என்பதும், எதற்காக வாங்கினார் என்பதும் அவருக்குப் புதிதாகத் தெரியும். தட்டிலிருந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுங்கப்பா. அந்தக் குளிரு எனக்கு ஒத்துக்கிட்டிருக்காது."

"அதான்டே. நான் அப்பவே சொன்னேன்லா" என்று திரும்பச் சாப்பிடத் தொடங்கினார்.

அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. அதனால்தான் இதை எழுத முடிகிறது. செல்வின், உன் ஆலைக்கு அந்தப் பிள்ளைகள் வருகிற அன்று கேண்டீனில் அடுப்பு எரிகிறதா என்று பார்த்துக்கொள். இதை வாசித்ததாக அப்பாவிடம் சொல்லாதே. அவராகப் பேச்செடுத்தால், அண்ணாச்சியே சொன்னார் என்று சொல், அங்கே குளிர் ரொம்ப அதிகம் என்று.